விளக்கணைந்த பிறகு நத்தைகள்: கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடல்நீர் மீன்தொட்டி அமைக்கும் புதியவர்கள் மீனுக்கும் பவளத்துக்கும் செலுத்தும் கவனத்தில் சிறு பங்கைக்கூட நத்தைகளுக்குச் செலுத்துவதில்லை. பாசி தின்பதற்கென்று நத்தைகளை மொத்தமாக வாங்கிவந்து விடுகிறார்கள். அடுத்த வாரம் அவற்றில் பாதி கண்ணில் படாதபோது செத்துவிட்டன என்று முடிவுகட்டி மறுபடியும் வாங்கப் போகிறார்கள். அந்தப் பாதி மணலுக்குள் உறிஞ்சுகுழலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு புதைந்து கிடக்கலாம்; பாறையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கலாம்; நீர் வழிந்தோடும் பெட்டிக்குள் சிக்கியிருக்கலாம்; அல்லது மெய்யாகவே செத்து நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். இவற்றில் எது நடந்திருக்கிறது என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இருட்டில் தொட்டியைப் பார்க்கும் பழக்கமும், எந்த நத்தை எந்த நேரத்தில் எங்கே இருப்பது இயல்பு என்ற அறிவும் இருந்தால் போதும்.

முதலில் தொட்டியும் நீரும்

நத்தையின் இயல்பான நடத்தையைப் பார்க்க வேண்டுமானால், அந்த நடத்தைக்கு இடம் கொடுக்கும் தொட்டி வேண்டும். மணலில் புதையும் இனங்களுக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழமாவது நயமான மணல் தேவை. உடைந்த பவளத் துண்டுகளைப் பரப்பிய தரையில் அவற்றால் புதைய முடியாது. மென்மையான பாதமும் காயப்படும். அடித்தளத்தில் மணலே இல்லாமல் வெறும் கண்ணாடியாக விட்டிருப்பவர்கள் புதையும் நத்தைகளை வாங்காமலிருப்பதே நல்லது.

நீரின் உப்பளவில் கூடுதல் கவனம் வேண்டும். கடல் நத்தைகளால் தம் உடல்நீரின் உப்பளவைச் சுற்றுநீரிலிருந்து வேறுபடுத்தி வைத்துக்கொள்ள இயலாது. வெளியே உப்பு ஏறினால் உள்ளேயும் ஏறும், இறங்கினால் இறங்கும். எனவே வாங்கிவந்த பையின் நீரையும் தொட்டி நீரையும் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்துபார்த்து, வேறுபாடு இருந்தால் மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றிரண்டு மணிநேரம் விட்டுப் பழக்க வேண்டும். தொட்டியில் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரையிலும், வெப்பநிலை 24 முதல் 26 பாகை செல்சியஸ் வரையிலும் நிலையாக இருப்பது வெப்பமண்டல இனங்களுக்கு ஏற்றது. மீன் நோய்க்கான செம்பு கலந்த மருந்தை நத்தை இருக்கும் தொட்டியில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. மீனைக் குணப்படுத்தும் அளவே நத்தையைக் கொன்றுவிடும்.

விடும்போது மேலிருந்து போட வேண்டாம். பாதம் பரப்பில் படும்படியாக, நிமிர்ந்த நிலையில், பாறையிலோ கண்ணாடி ஓரத்திலோ வைக்க வேண்டும். இதற்கான காரணம் அஸ்ட்ரேயா நத்தையைப் பற்றிச் சொல்லும்போது தெளிவாகும்.

இருட்டில் பார்க்கும் முறை

விளக்கணைந்த உடனே பார்ப்பதில் பயனில்லை. ஒன்றிரண்டு மணிநேரம் கழியட்டும். அறையின் விளக்கையும் அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கையோ சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய சிறு டார்ச்சையோ எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் செந்நிற ஒளி சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கடல் உயிரினங்கள் பலவற்றின் கண்கள் அந்நிறத்தை நன்றாக உணர்வதில்லை. வெள்ளொளியை நேராகப் பாய்ச்சினால் ஸ்டோமடெல்லா என்ற சிறு நத்தை போன்றவை நொடிகளில் பாறைப் பொந்துக்குள் போய்விடும். பார்க்க வந்ததே வீணாகும்.

ஒளியை மேலிருந்து அடிக்காமல் கண்ணாடியை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், மணல் கண்ணாடியைத் தொடும் விளிம்பு நன்றாகத் தெரியும். பார்வையை அங்கேதான் தொடங்க வேண்டும். மணலுக்குள் நடப்பவற்றுக்கு அந்த விளிம்பைப் போன்ற சன்னல் தொட்டியில் வேறில்லை. பிறகு பாறையின் அடிப்பக்கம், அதன்பின் கண்ணாடியின் மேல்விளிம்பு, கடைசியாக நீர் வழியும் பெட்டி, குழாய் வாய், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட்டின் உறிஞ்சும் பக்கம் என்ற வரிசையில் நாள்தோறும் ஒரே ஒழுங்கில் பார்த்துவாருங்கள். ஒரே ஒழுங்கில் பார்ப்பவருக்குத்தான் மாற்றம் கண்ணில் உறுத்தும். நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், எது எங்கே இருந்தது என்று ஒரு வரி எழுதிவைத்தால், சில வாரங்களில் உங்கள் தொட்டியின் வழக்கம் பிடிபட்டுவிடும்.

காலையில் விளக்கு எரியும் முன் பார்ப்பதும் உண்டு. என் கணிப்பில் இரவுப் பார்வையைவிட அதுவே வசதியானது. இரவு முழுவதும் மேய்ந்த நத்தைகள் திரும்பும் நேரமாதலால், எது எந்தப் பொந்துக்குப் போகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது.

எந்த நத்தை எங்கே, எப்போது

நஸேரியஸ் நத்தையில் தொடங்குவது எளிது, ஏனெனில் அதன் மறைவாழ்க்கையை எப்போது வேண்டுமானாலும் வெளியே வரவழைக்கலாம். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்திருக்கும் இந்த நத்தை, யானைத் துதிக்கையைப் போன்ற உறிஞ்சுகுழலை மட்டும் மணலுக்கு மேலே நீட்டி, அதன் வழியாக நீரை உள்ளிழுத்து, அந்த நீரிலிருக்கும் மணத்தை உடலுக்குள் உள்ள உணர்வுறுப்பால் சோதித்துக்கொண்டே இருக்கிறது. உறைய வைத்த இறால் துண்டு ஒன்றை நீரில் விட்டுப் பாருங்கள். முதலில் ஆங்காங்கே உள்ள குழல்கள் நிமிர்ந்து இப்படியும் அப்படியும் அசையும். பிறகு மணல் புடைத்துப் பிளக்கும். சற்று நேரத்துக்கெல்லாம் தரை முழுவதும் நத்தைகள் கிளம்பி, உணவிருக்கும் திசையை நோக்கிக் குழலை வீசிக்கொண்டு, நத்தைக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் ஓடிவரும். தின்று முடித்ததும் மறுபடி புதைந்துவிடும். இவை பாசி தின்பவை அல்ல; மிச்ச உணவையும் இறந்தவற்றையும் தின்னும் ஊனுண்ணிகள். பாசித் தொல்லைக்கென்று இவற்றை வாங்குவது வீண். நஸேரியஸ் இனங்கள் சிலவற்றிடம் இன்னொரு வினோதமும் உண்டு: கொன்றுண்ணும் கடல் நட்சத்திரம் தொட்டுவிட்டால், ஓட்டை முறுக்கி உதறிக் குட்டிக்கரணம் போட்டுத் தப்பிக்கும்.

செரித் நத்தையும் மணலில் புதைவதுதான். ஆனால் உணவுக்குப் பாய்ந்து வராது. நீண்டு கூர்ந்த ஓடுடைய இந்த நத்தை பகலில் மணலுக்குள்ளோ பாறை இடுக்கிலோ கிடந்து, இருட்டியதும் கண்ணாடியிலும் பாறையிலும் ஏறிப் படிவுகளையும் மென்பாசியையும் மேயும். மணலின் மேல்தட்டைக் கிளறிக்கொடுப்பதும் இதுவே. பகலில் காணவில்லையே என்று மணலைக் கிண்டிப் பார்ப்பவர்கள் இதை வீணாகத் துன்புறுத்துகிறார்கள்.

ட்ரோக்கஸ், டர்போ, அஸ்ட்ரேயா ஆகிய மூன்றும் கூம்பு அல்லது உருண்டை வடிவ ஓடுகளோடு பாறையிலும் கண்ணாடியிலும் வாழ்பவை. பகலிலும் நகர்வதுண்டு என்றாலும் இரவில்தான் முழு வீச்சில் மேய்கின்றன. இவை மேய்ந்த சுவடு கண்ணாடியில் படிந்த பாசியில் தெளிவாகப் பதிந்திருக்கும்: நாக்கில் உள்ள ரம்பம் போன்ற பற்பட்டையால் தலையை இடமும் வலமும் அசைத்துச் சுரண்டுவதால், வளைந்து வளைந்து செல்லும் வெளிறிய கோடு கிடைக்கிறது. காலையில் இந்தக் கோடு எங்கெங்கே புதிதாக இருக்கிறது என்று பார்த்தாலே போதும், நத்தை கண்ணில் படாவிட்டாலும் உயிரோடு மேய்கிறது என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் புதியவருக்கு முக்கியம். ட்ரோக்கஸ் கவிழ்ந்து விழுந்தால் பாதத்தை நீட்டித் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரேயா மணலில் மல்லாந்து விழுந்தால் பிடிமானமின்றித் தவிக்கும்; எடுத்து நிமிர்த்துவார் இல்லாவிட்டால் பட்டினியாலோ நண்டின் கொடுக்காலோ மடியும். அஸ்ட்ரேயா வைத்திருப்பவர்கள் காலைதோறும் மணல்பரப்பில் ஒரு பார்வை ஓட்டுவதைக் கடமையாகக் கொள்ள வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் ட்ரோக்கஸே வாங்கலாம். டர்போ மிகுந்த பசிக்காரர், வலிமையும் அதிகம். ஒட்டாமல் வைத்த பவளத் துண்டுகளை இரவோடிரவாகத் தள்ளி உருட்டிவிட்டுப் போகும். காலையில் பவளம் கவிழ்ந்து கிடந்தால் மீன்மீது பழிபோடும் முன் டர்போ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மார்கரிட்டா என்ற பெயரில் விற்கப்படும் சிறு நத்தைகள் குளிர்நீரைச் சேர்ந்தவை. வெப்பமண்டலத் தொட்டியில் அவை வாழ்வதில்லை, மெல்ல மெல்லச் சாகின்றன. அவற்றை வாங்காதீர்கள்.

நெரைட் நத்தைகள் அலையேறி இறங்கும் கரைப்பாறைகளில் வாழ்பவை. எனவே நீர்மட்டத்துக்கு மேலே ஏறி உட்கார்வது அவற்றுக்கு இயல்பு. மூடியில்லாத தொட்டியிலிருந்து வெளியேறி, தரையில் காய்ந்து கிடப்பதும் நேரும்.

சிறிய சங்கினங்களை வைத்திருப்பவர்கள் வேறொரு காட்சியைக் காணலாம். மணல்மேட்டிலிருந்து இரண்டு நீண்ட காம்புகளும் அவற்றின் நுனியில் கண்களும் எழுந்து சுற்றுமுற்றும் பார்க்கும். பிறகு தும்பிக்கை போன்ற வாய் மணலைத் துழாவும். சங்கு ஊர்ந்து செல்வதில்லை. அரிவாள் போன்ற ஓட்டுமூடியை மணலில் ஊன்றி உந்தித் தாவிச் செல்லும். ஒரு சங்குக்கு விரிந்த மணல்பரப்பு வேண்டும். சிறிய தொட்டியில் அது பட்டினி கிடக்கும்.

எல்லாமே மேலே ஏறினால்

இரவில் ஒன்றிரண்டு நத்தைகள் நீர்மட்டத்தருகே இருப்பதில் கவலைப்பட ஏதுமில்லை. வெவ்வேறு இனங்களைச் சேர்ந்தவை ஒரே நேரத்தில் மேற்பரப்புக்கு ஏறி நின்றாலோ, பகலில் புதைந்திருக்க வேண்டிய நஸேரியஸ் உணவு எதுவும் போடாமலே மணலுக்கு மேலே வந்து கிடந்தாலோ, அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரவில் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்யாததால் தொட்டியில் ஆக்சிஜன் அளவு குறைகிறது; மேற்பரப்பு அசையாமல் இருந்தால், அல்லது எங்கோ ஏதோ அழுகிக்கொண்டிருந்தால், அது மேலும் குறையும். அப்படிப்பட்ட நேரத்தில் வரிசையாகச் செய்ய வேண்டியவை: பவர்ஹெட்டின் முகத்தை மேற்பரப்பை நோக்கித் திருப்பி நீரைக் கலக்குங்கள், அம்மோனியாவையும் உப்பளவையும் வெப்பநிலையையும் அளந்துபாருங்கள், மீன்கள் அனைத்தும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். நஸேரியஸ் கூட்டமாக ஒரு பாறைக்குப் பின்னால் போய் மொய்த்தால், அங்கே இறந்துபோன ஏதோ ஒன்று இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மனிதக் கண்ணுக்கும் பரிசோதனைக் கருவிக்கும் எட்டும் முன் அவற்றுக்கு அது எட்டிவிடுகிறது.

புகையும் முட்டையும்

ட்ரோக்கஸோ ஸ்டோமடெல்லாவோ தொட்டியின் உயரமான இடத்துக்கு ஏறி, உடலை உயர்த்தி, புகைபோல் வெண்மையாக எதையோ விட்டு விட்டு வெளியேற்றுவதைப் பார்த்தால் பதற வேண்டாம். அது நோயன்று, இனப்பெருக்கம். ஆண் விந்தையும் பெண் முட்டையையும் நீரிலேயே விடுகின்றன. ஒன்று தொடங்கினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். தொட்டி சிறிது நேரம் கலங்கியிருக்கும். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் பொங்கி வழியலாம் என்பதால் அதன் கிண்ணத்தைக் கவனியுங்கள். கலங்கல் தெளியாமல் நீடித்தால் மட்டும் நீரை வடிகட்டும் கரியைப் பயன்படுத்திச் சிறிதளவு நீரை மாற்றினால் போதும். ட்ரோக்கஸின் இளம்புழு சில நாள்களே, அதுவும் உணவின்றி, நீரில் மிதக்கிறது. அதனால் வீட்டுத் தொட்டியிலும் சில பிழைத்து, பல வாரங்கள் கழிந்து கடுகளவு குட்டிகளாகக் கண்ணாடியில் தோன்றும்.

முட்டையை ஒட்டவைக்கும் இனங்களை முட்டையின் வடிவத்தை வைத்தே அடையாளம் காணலாம். கண்ணாடியில் வெண்ணிற நூலை மடித்து மடித்து ஒட்டியதுபோல் இருந்தால் அது செரித்தின் வேலை. ஒளி ஊடுருவும் சிறு பைகள் வரிசையாக இருந்தால் நஸேரியஸ். பாறையிலும் கண்ணாடியிலும் வேறொரு நத்தையின் ஓட்டின்மீதும்கூட எள்போன்ற வெண்புள்ளிகள் கெட்டியாக ஒட்டியிருந்தால் நெரைட். இவற்றுள் பெரும்பாலான இளம்புழுக்கள் நீரில் மிதந்து, வடிகட்டிகளிலும் மீன்களின் வாயிலும் போய்விடுவதால், முட்டை கண்ட மாத்திரத்தில் நத்தைப் பெருக்கத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். பார்வைக்கு உறுத்தினால் தேய்த்தெடுக்கலாம், அதுவும் கட்டாயமில்லை.

அழையாமல் வந்தவை

உயிரினங்கள் குடியிருக்கும் கடற்பாறையான லைவ் ராக்கோடும் பவளத் துண்டுகளோடும் நாம் கேட்காத நத்தைகள் வந்துசேர்கின்றன. இவற்றில் பெரும்பான்மை தீங்கற்றவை. இரவில் கண்டவுடன் அனைத்தையும் பிடுங்கியெறிவது புதியவர்களின் இயல்பு. அதைத் தடுப்பதற்காகவே இப்பகுதியைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நத்தையா இல்லையா என்றே ஐயம் எழுப்புவது ஸ்டோமடெல்லா. உடலில் ஒரு பகுதியை மட்டும் மூடும் காதுவடிவச் சிற்றோடும், பின்னால் நீண்ட பாதமும் கொண்டு, இருட்டில் வேகமாக ஓடும். பிடித்து இழுத்தால் பாதத்தின் பின்பகுதியைத் தானே கழற்றிவிட்டு ஓடிவிடும். பிறகு அது வளர்ந்துகொள்ளும். பாசி மேய்வதில் இதைவிட நல்ல விருந்தாளி கிடையாது, விட்டுவிடுங்கள். சில மில்லிமீட்டர் அளவில் உருண்டையாக இரவில் கண்ணாடியெங்கும் தெரியும் கொலோனிஸ்டாவும் அப்படித்தான். அது டர்போவின் குட்டியன்று. வளர்ந்தாலும் அதே அளவுதான்.

கவனிக்க வேண்டிய முதல் ஆள் பிரமிடெலிட். அரிசிக்குருணை அளவில், வெண்மையாக, கூர்ந்த ஓட்டோடு இருக்கும் ஒட்டுண்ணி இது. ஊசி போன்ற வாயால் பிற நத்தைகள், பெருஞ்சிப்பிகள் ஆகியவற்றின் உடல்நீரை உறிஞ்சுகிறது. பகலில் மறைந்துகிடந்து இரவில் விருந்தோம்பியின் மீது ஏறுவதால், விளக்கணைந்து சில மணிநேரம் கழித்து ட்ரோக்கஸையோ டர்போவையோ எடுத்து, ஓட்டின் வாய்விளிம்பையும் ஓட்டுமூடியின் ஓரத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். இருந்தால் மென்மையான பல்துலக்கியால் தொட்டிக்கு வெளியே, தொட்டி நீர் நிரம்பிய கிண்ணத்தில் தேய்த்தெடுக்க வேண்டும். அருகிலேயே கூழ்போன்ற முட்டைத்திரள் ஒட்டியிருக்கும்; அதையும் சேர்த்துச் சுரண்டாவிட்டால் வேலை முடியாது. பல நாள்கள் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும். வெண்மையாகச் சிறியதாக இருப்பவை எல்லாம் பிரமிடெலிட் அல்ல. கண்ணாடியில் மேய்ந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் குற்றமற்றது. பிற நத்தையின் ஓட்டு விளிம்பில் திரண்டிருந்தால் ஐயப்பட வேண்டியது.

இரண்டாவது, வெர்மெட்டிட். இது ஊர்வதே இல்லை. பாறையோடு ஒட்டிய சுண்ணக் குழாய்க்குள் இருந்துகொண்டு, சிலந்தி இழைபோன்ற சளிவலையை நீரில் விரித்து, அதில் படியும் துகள்களை வலையோடு சேர்த்து உள்ளிழுத்துத் தின்னும். நீரோட்டத்தை நிறுத்திவிட்டுத் தூள் உணவைச் சிறிது தூவிப் பாருங்கள்: குழாய் வாயிலிருந்து வெள்ளிழைகள் நீண்டு மிதப்பதும், சற்றுப் பொறுத்து அவை மெல்லச் சுருண்டு உள்ளே போவதும் தெரியும். அந்த இழை படும் பவளம் சுருங்கிக்கொள்ளும். குழாயை அடியோடு உடைத்து, வாயில் கூழ்நிலை சயனோஅக்ரிலேட் பசையை ஒரு துளி வைத்து அடைப்பது பரவலான வழி. குழாய் கண்ணாடிபோல் கூர்மையானதாதலால் கையுறை அணியுங்கள். தூள் உணவைக் குறைப்பதும் உதவும். குஞ்சுகள் தாயின் குழாய்க்குள்ளேயே வளர்ந்து பக்கத்திலேயே குடியேறுவதால், கொஞ்சமாக இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

கறுப்பு வெள்ளைக் கட்டங்களோடு தட்டையாகச் சுருண்ட ஓடு தெரிந்தால் அது ஹீலியகஸ். சோவாந்திட் பவளங்களைத் தின்னும், அவற்றின் நடுவிலேயே பகலில் ஒளிந்திருக்கும். இரவில் சோவாந்திட் திரளைச் சுற்றிப் பார்த்து எடுத்துவிட வேண்டும். சோழிகள் அழகானவை, இருட்டில் தம் மேலாடைச் சதையை ஓட்டின்மீது இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவதைப் பார்ப்பதே தனிக்காட்சி. ஆனால் பெரிதாக வளரும் இனங்கள் பவளத்தையும் கடித்துப் பார்க்கும். வெற்று ஓடுகளில் வட்டமாகச் சீராகத் துளையிட்டிருந்தால், துளையிட்டுத் தின்னும் ஊனுண்ணி நத்தை ஒன்று தொட்டியில் இருக்கிறது. சிறிது இறாலைச் சாடியில் வைத்து இரவில் மணலில் புதைத்தால் அதைப் பிடித்துவிடலாம்.

கூம்பு நத்தையை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். பின்பக்கம் அகன்று முன்னால் குறுகிய கூம்பு ஓடும், ஓட்டின் நீளம் முழுவதும் ஓடும் ஒடுங்கிய பிளவு வாயும் கொண்ட நத்தையைக் கண்டால் கையால் தொடாதீர்கள். ஈட்டி போன்ற நச்சுப்பல்லை எறிந்து இரையைக் கொல்லும் இனம் இது. கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற இனம் மனிதர்களையே கொன்றிருக்கிறது. மெல்லிய கையுறை பாதுகாப்பாகாது. நீண்ட இடுக்கியால் எடுக்க வேண்டும். சில சங்கினங்களும் ஓட்டில் இதே தோற்றம் தருவதுண்டு. ஆனால் அவற்றுக்கு மேற்சொன்ன நீண்ட காம்புக் கண்கள் இருக்கும். ஐயம் தீராதவரை கூம்பு நத்தை என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

கருவிகளுக்குள் புகும் நத்தை

நத்தைகள் இரவில் செல்லும் இடங்களில் மிகுந்த சேதம் விளைவிக்கக்கூடியவை பவளத்தட்டுகள் அல்ல, குழாய்களும் உணரிகளுமே. பேசப்படாத பகுதி இதுதான்; தரை நனைந்த பிறகே பலருக்கும் தெரியவருகிறது.

நீர் வழிந்தோடும் பெட்டியின் பல்வரிசையில் பாசி நன்றாக வளர்வதால் ட்ரோக்கஸும் நெரைட்டும் அங்கே விரும்பிச் செல்கின்றன. உள்ளே விழுந்த நத்தை வடிகுழாயின் வாயில் அமர்ந்தால் நீர் இறங்கும் வேகம் குறைந்து, தொட்டியின் நீர்மட்டம் ஏறும். வடிகுழாயின் வாய்க்கு வலைத்தொப்பி போடுவதும், வாரம் ஒருமுறை பெட்டிக்குள் ஒளியடித்துப் பார்ப்பதும் இதற்குத் தீர்வு.

தொட்டிக்குக் கீழே உள்ள துணைத்தொட்டியான சம்ப்பிலிருந்து நீரைத் திருப்பியனுப்பும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை ஒன்று இடப்பட்டிருக்கும். மோட்டார் நிற்கும்போது நீர்மட்டம் இறங்கித் துளை வெளிப்பட்டதும், அது காற்றை உள்ளிழுத்து, தொட்டி நீர் பின்னோக்கிச் சம்ப்புக்கு இறங்குவதை நிறுத்துகிறது. ஓர் ஓடு அந்தத் துளையை மூடியிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் சம்ப் நிரம்பி வழியும். எனவே ஒரே துளையை நம்பாமல் இரண்டு துளைகள் இடுவதும், அதைவிட மேலாக, துளையின்றியே பின்னிறங்கும் நீரைத் தாங்கும் அளவுக்குச் சம்ப்பில் வெற்றிடம் விடுவதும் நல்லது. மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் தானியங்கி டாப்-அப் கருவியின் உணரியும் நத்தைக்குப் பிடித்த இடம். மிதவையின் அடியில் நத்தை அமர்ந்து அதைத் தூக்கிப் பிடித்தால், நீர் குறைந்ததே கருவிக்குத் தெரியாமல் உப்பளவு ஏறிக்கொண்டே போகும். மேலே ஏறி அழுத்தினால், நன்னீர் ஓயாமல் பாய்ந்து உப்பளவு சரிந்துவிடும். ஒளியுணரியை ஒட்டி உட்கார்ந்தாலும் இதுபோன்ற குழப்பமே. மிதவையைச் சுற்றித் துளையிட்ட உறை போடுங்கள். டாப்-அப் வாளியில் ஒரு நாளின் ஆவியிழப்பைப் போலச் சில மடங்குக்கு மேல் நன்னீர் நிரப்பிவைக்காதீர்கள். கருவி தவறினாலும் சேதம் அந்த வாளியளவோடு நிற்கும்.

பவர்ஹெட்டையும் அலையெழுப்பும் வேவ்மேக்கரையும் உணவிடும் நேரத்தில் நிறுத்தினால், மறுபடி போடும் முன் உறிஞ்சும் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். நின்றிருக்கும் விசிறிக்குள் சிறு நத்தை நுழைய அந்த இடைவெளியே போதும்.

பசியும் இறப்பும்

இத்தனை லிட்டருக்கு இத்தனை நத்தை என்று சொல்லப்படும் கணக்குகளை நான் ஏற்பதில்லை. உணவு லிட்டரில் வளர்வதில்லை. ஒளிபடும் பரப்பில் வளர்கிறது, அதுவும் தொட்டிக்குத் தொட்டி மாறுபடுகிறது. புதிய தொட்டியில் பழுப்புப் பாசி படரும்போது நிறைய வாங்கிவிட்டால், சில வாரங்களில் பாசி தீர்ந்து நத்தைகள் ஒவ்வொன்றாகப் பட்டினியில் விழும். குறைவாக வாங்கி, கண்ணாடியில் மேய்ந்த கோடுகள் பாசி வளரும் வேகத்துக்கு ஈடுகொடுக்காதபோது மட்டும் கூட்டுங்கள். மேய்ச்சல் போதாதபோது காய்ந்த கடற்பாசித் தாளைப் பாறையடியில் இரவில் செருகிவைத்து, காலையில் மிச்சத்தை எடுத்துவிடலாம். நஸேரியஸுக்கு மீன்கள் விடும் மிச்சமே போதுமா என்று பார்க்க வேண்டும். போதாவிட்டால் வாரத்தில் சில முறை ஊனுணவு இடுங்கள்.

ஒரு நத்தை பல நாள்களாக அசையாமல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். உயிருள்ள நத்தை தொட்டதும் உள்ளிழுத்து ஓட்டுமூடியை இறுக்கிக்கொள்ளும். மூடி தளர்ந்து தொங்கினாலோ, உடல் வெளியே வழிந்து தொட்டும் சுருங்காவிட்டாலோ ஐயம் பெரும்பாலும் உண்மை. மோந்து பார்த்தால் உறுதியாகிவிடும்; செத்த நத்தையின் நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர் மறக்க மாட்டார். தீர்மானிக்க முடியாவிட்டால் தொட்டி நீர் நிரம்பிய கிண்ணத்தில் தனியாகச் சில மணிநேரம் வைத்துப் பாருங்கள். நகர்ந்தால் திரும்ப விடலாம். நீர் கலங்கி நாறினால், அது தொட்டிக்குள் நிகழாமல் தடுத்தவராவீர்கள். சிறிய தொட்டியில் பெரிய டர்போ ஒன்று மறைவில் அழுகினாலே அம்மோனியா ஏறிவிடும்.

புதையும் இனங்களை எண்ணுவதற்கு மணலைக் கிண்ட வேண்டாம். மாதம் ஒருமுறை, இறால் துண்டு போட்டு வெளிவரும் நஸேரியஸை எண்ணிக் குறித்துவையுங்கள். ஒருமுறை குறைந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை, வயிறு நிறைந்தவை வராமலும் இருக்கும். தொடர்ந்து குறைந்துவந்தால், ஓட்டுக்காகக் கொல்லும் துறவி நண்டு இருக்கிறதா என்று பாருங்கள். நண்டு புதிய ஓட்டோடு நடமாடுவதும் நத்தையின் எண்ணிக்கை குறைவதும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தால் விடை கிடைத்துவிட்டது. அந்த நண்டுகளுக்கென்று வெவ்வேறு அளவில், நன்கு கழுவிய வெற்று ஓடுகளை மணலில் போட்டுவையுங்கள். அவை முதலில் தேடுவது ஓட்டைத்தான், இறைச்சியை அல்ல.